முப்பது உடம்பு, ஒரே பாட்டு

காலை ஆறு மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஸ்பீக்கர் பாடத் தொடங்குகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களுக்குப் பத்து மணிக்கு இன்னொரு பேட்ச். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இரவு ஏழு மணிக்கு ஜிம்மின் கண்ணாடி அறையில் மற்றொன்று. ஜூம்பா, ஏரோபிக்ஸ், ஸ்டெப், எச்.ஐ.ஐ.டி. என்று பெயர்தான் மாறுகிறது. முன்னால் ஒருவர், எதிரே இருபது முப்பது பேர், நடுவில் ஒரு பாட்டு என்ற ஏற்பாடு எங்கும் ஒன்றுதான்.

அந்த முப்பது பேரைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் விஷயம் புரியும். ஒருவருக்கு 24 வயது, கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். பக்கத்தில் நிற்பவருக்கு 61, முழங்கால் தேய்மானம். ஒருவர் பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இன்னொருவர் இன்சுலின் போட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று டிபன் சாப்பிடாமல் ஓடிவந்திருக்கிறார். கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பிரசவமாகி நாலு மாதம். பாட்டு இவர்கள் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. உடம்பு அப்படி ஓடுவதில்லை. முன்னால் நிற்பவரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நன்றாக ஆடுகிறவர் நன்றாக ஆட வைப்பார் என்று நம்பித்தான் நாம் பணம் கட்டிச் சேர்கிறோம். இரண்டும் தனித்தனித் திறமைகள். இரண்டாவதற்கு உடலியல் படிக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கப் பழக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே நிற்பவர்களைப் பார்க்கக் கற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. பெண்களில் அது 57 சதவீதம், ஆண்களில் 42. இந்த நிலையில், வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஆடும் பெண்களின் கூட்டம் நம் ஊருக்குக் கிடைத்த பெரிய நல்ல செய்தி. அதனால்தான் அந்தக் கூட்டத்தின் முன்னால் நிற்பவர் யார் என்பது முக்கியமாகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968-ல் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இதயத்தையும் நுரையீரலையும் பலப்படுத்த ஓட்டம், நீச்சல், சைக்கிள் எதுவும் உதவும் என்பது அதன் சாரம். மறு ஆண்டே ஜாக்கி சோரன்சன் அந்தத் தத்துவத்தை நடனத்தோடு இணைத்தார். ஜூடி ஷெப்பர்ட் மிசெட் 'ஜாஸர்சைஸ்' தொடங்கியதும் அதே 1969-ல்தான். 1982-ல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் வீடியோ கேசட் வெளிவந்தபோது வீட்டு வரவேற்பறையே பயிற்சிக்கூடம் ஆனது.

மூன்றே ஆண்டில் கணக்கு வந்து நின்றது. 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், பயிற்றுநர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் தங்களுக்கு ஏதோ ஒரு காயம் ஏற்பட்டதாகச் சொன்னார்கள். மாணவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல். அதிகம் அடிவாங்கிய இடம் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு. கெட்டியான தரை, சரியில்லாத காலணி, இடைவிடாத குதியல், நாளுக்குப் பல வகுப்புகள் என எல்லாம் ஒன்றுசேர்ந்த விளைவு அது. பயிற்றுநர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏ.சி.இ. அமைப்பு தொடங்கியதும் அதே 1985-ல். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படியான 'லோ இம்பாக்ட்' வகுப்புகள் பரவியதும் அந்தக் காலத்தில்தான். ஜின் மில்லர் என்ற பயிற்றுநர் தன் முழங்கால் காயத்திலிருந்து மீளப் படி ஏறி இறங்கிப் பழகியதிலிருந்துதான் 1980-களின் இறுதியில் ஸ்டெப் ஏரோபிக்ஸ் பிறந்தது.

நாற்பது ஆண்டு கழித்து நாம் கிரானைட் தரையிலும் மொட்டை மாடி கான்கிரீட்டிலும் வெறுங்காலோடு ஜம்பிங் ஜாக் போட்டுக்கொண்டிருக்கிறோம். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கால் வழியாக மேலே ஏறுகிறது. மரத்தளம் கொஞ்சம் வளைந்து அதை வாங்கிக்கொள்ளும், கிரானைட் வாங்கிக்கொள்ளாது. தரையை மாற்ற முடியாவிட்டால் குதியலைக் குறைக்க வேண்டும், ஷூ போடச் சொல்ல வேண்டும்.

பாட்டு போடுவதற்கு முன்பு

ஐ.சி.எம்.ஆர். நிதியோடு சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்த அழுத்தம். ஆகவே முப்பது பேர் கூடிய எந்த அறையிலும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் பயிற்றுநர் உள்ளே நுழைய வேண்டும்.

கனடாவில் 1970-களில் உருவான ஒரு கேள்வித்தாள் இதற்கென்றே உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஏழே கேள்விகள். இதயக் கோளாறு உண்டா, நெஞ்சு வலி வருமா, தலைச்சுற்றலில் விழுந்ததுண்டா, மூட்டுப் பிரச்சினை உண்டா, பி.பி. அல்லது இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற ரீதியில் போகும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வது முறை. ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. பணம் வாங்கி ரசீது கொடுக்கிற பல இடங்களில் இந்தத் தாளைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை.

சர்க்கரைக்காரர்களிடம் பயிற்றுநர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குப் பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கலாம். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்கும் அறையில் வியர்வையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சு குழறுகிறதா, எளிய ஸ்டெப்பைக்கூடத் திடீரென்று தவறவிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் உடனே உட்கார வைத்து, தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்து, கால் மணி நேரம் பார்க்க வேண்டும். அறையின் மூலையில் ஒரு சர்க்கரை டப்பா இருக்கிறதா என்பதை வைத்தே ஒரு வகுப்பை எடைபோட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெண்கள் வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருப்பவர்களுக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசியும். அதை மறைக்கத்தான் சிலர் குதிக்க வேண்டிய பாட்டுக்கு மட்டும் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். சிலர் வகுப்பையே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டுச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு குதியலுக்கும் குதிக்காத மாற்று ஒன்றைச் சேர்த்தே காட்டிவிட்டால் போதும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

220 கழித்தல் வயது

ஜிம் சுவர்களில் ஓர் அட்டவணை தொங்கும். 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு. அதில் இத்தனை சதவீதம் வந்தால் கொழுப்பு கரையும், இத்தனைக்கு மேல் போனால் தாங்குதிறன் வளரும். இந்தச் சூத்திரம் 1971-ல் வந்தது. அதற்கென்று தனியே ஆய்வு நடத்திக் கண்டதல்ல, அன்று கையில் கிடைத்த பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து உத்தேசமாக இழுத்த கோடு. 2001-ல் ஹிரோஃபுமி தனாகா குழுவினர் பல்லாயிரம் பேரின் தரவை வைத்து 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கலாம் என்றார்கள். 40 வயதுக்காரருக்கு இரண்டும் 180 என்றே சொல்கின்றன. 60 வயதில் பழையது 160, புதியது 166. எதை எடுத்தாலும் தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம்.

பி.பி.க்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு இந்த அட்டவணை சுத்தமாக உதவாது. அட்டினலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கையில் கட்டிய வாட்ச் 110 என்று காட்டும்போதே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். 'இன்னும் ஏத்துங்க, 140 வரணும்' என்று அவரைத் துரத்துகிற பயிற்றுநர் ஆபத்தானவர்.

இதற்கு ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் ஒரு வழி சொன்னார். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று செய்கிறவரையே கேட்பது. அவருடைய அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடிகிறது. ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத்துடிப்புக்குப் பக்கத்தில் வரும் என்பதால்தான் அந்த விநோதமான தொடக்கம். வகுப்பில் இதைவிட எளியது பேச்சுச் சோதனை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான தீவிரம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்றால் கடுமை. பாட்டோடு சேர்ந்து பாடச் சொல்லிப் பார்க்கிற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். உற்சாகத்துக்காகச் செய்வதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் அவர்கள் முப்பது பேரின் மூச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'தபாட்டா' என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் இஸுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள். நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளில், அவர்களுடைய அதிகபட்ச ஆக்சிஜன் கொள்ளளவின் 170 சதவீதத் தீவிரத்தில் 20 விநாடி மிதிப்பு, 10 விநாடி ஓய்வு. ஏழெட்டுச் சுற்றில் கால் ஓய்ந்துவிடும். ஆறு வாரத்தில் அவர்களுடைய திறன் ஏறியது உண்மை. அந்த 20-10 கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் வாரம் வந்திருக்கும் ஐம்பது வயதுக்காரரைத் தரையில் கை ஊன்றிக் குதித்தெழும் பர்ப்பி போட வைப்பதற்கு அந்த ஆய்வு எந்தச் சான்றும் தரவில்லை. பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே எல்லை தாண்டி வேலை வாங்கினால் தசை இழைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலைகூட வரலாம். தேநீர் நிறத்தில் சிறுநீர் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வார்ம்-அப், கூல்-டவுன் இரண்டையும் நேரமில்லை என்று வெட்டுவது சகஜமாகிவிட்டது. இதில் அதிகம் வெட்டுப்படுவது கூல்-டவுன்தான், அதிகம் ஆபத்தும் அதில்தான். ஆடும்போது கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அசைவுக்கும் ரத்தத்தைப் பிழிந்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் பிழிவது நிற்கும், குழாய் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்க, மூளைக்குப் போவது குறையும், தலை சுற்றும். பாட்டு முடிந்ததும் 'எல்லாரும் நில்லுங்க, போட்டோ எடுக்கலாம்' என்பது அதனால்தான் தவறு. ஐந்து நிமிடம் மெல்ல நடக்க வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் புழுக்கத்தில் இது இன்னும் அவசியம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது சொட்டுகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. டி-ஷர்ட் தெப்பலாக நனைந்ததைக் கொழுப்பு கரைந்ததன் அடையாளமாகச் சொல்வதை நிறுத்துவது நல்லது.

ஸ்டெப்பைச் சொல்லிக்கொடுப்பது

மேற்கத்திய வகுப்பு இசை எட்டெட்டாக எண்ணப்படுவது. நான்கு எட்டு சேர்ந்து 32 எண்ணிக்கை ஒரு கட்டு. ஸ்டெப்புகளும் அந்தக் கட்டுக்குள் அடங்கும்படி அமைக்கப்படுகின்றன. நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஓடுவது சினிமாப் பாட்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை 32-ல்தான் முடிய வேண்டும் என்று எந்த இசையமைப்பாளரும் கட்டுப்பட்டதில்லை. குத்துப்பாட்டு என்றால் பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துள்ளல். பெரிய அடிக்குக் கால் வைத்தால் வேகம் நிதானம், துள்ளலைத் துரத்தினால் மூச்சு முட்டும். முதல் நாள் இரவே பாட்டைக் கேட்டு, எந்த இடத்தில் கட்டு உடைகிறது என்று குறித்துக்கொண்டு வருகிற பயிற்றுநரின் வகுப்பில் யாரும் தடுமாறுவதில்லை. வேகமும் அவர் தீர்மானிக்க வேண்டியதுதான். ஸ்டெப் வகுப்புக்கு நிமிடத்துக்கு 118 முதல் 128 பீட் என்பது வழக்கமான பரிந்துரை. அதற்கு மேல் போனால் பாதம் முழுதாகப் பலகையில் பதிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும்.

சொல்லும் நேரம் அடுத்தது. அசைவு மாறுகிற அதே நொடியில் 'வலது!' என்று கத்தினால் முப்பது பேரும் ஒரு அடி பிந்துவார்கள். காது கேட்டு, மூளை புரிந்து, கால் நகர நேரம் வேண்டும். எட்டில் கடைசி நான்கு எண்ணும்போதே 'நாலு, மூணு, வலது பக்கம், போங்க' என்று சொல்லி, கையாலும் காட்டிவிட வேண்டும். வகுப்பைப் பார்த்து நின்றால் அவர்களுக்கு வலது என்று சொல்லிக்கொண்டே தன் இடது காலை எடுக்க வேண்டும். இதைப் பழகக் கஷ்டப்பட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே மணி நேரத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. முதுகில் கண் கிடையாது.

புதிய அசைவைக் கற்கும் உடம்பு மூன்று கட்டங்களில் போகிறது என்று பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-ல் எழுதினார்கள்: முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வது, பிறகு தவறைத் திருத்திக்கொண்டே செய்வது, கடைசியில் யோசனையின்றித் தானாகவே நிகழ்வது. முதல் கட்டத்தில் இருப்பவரிடம் ஐந்து விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுகூட ஏறாது. நல்ல பயிற்றுநர் 'கிரேப்வைன்' சொல்லித்தரும்போது முதலில் பக்கவாட்டில் ஒரு அடி வைத்துச் சேர்க்கச் சொல்கிறார். அது காலுக்குப் பழகியதும் இரண்டு அடி. பிறகு இரண்டாவது அடியை மட்டும் பின்னால் குறுக்கே போட வைக்கிறார். அதற்குப் பிறகுதான் கை, கடைசியில் சுற்று. எந்தப் படியில் நின்றுவிட்டாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கற்பவரும் ஆடிக்கொண்டிருப்பார்.

எந்தச் சொல்லால் திருத்துகிறோம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. தன் உடல் உறுப்பின் மேல் கவனம் வைப்பதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின் மேல் கவனம் வைக்கும்போது உடம்பு வேகமாகக் கற்கிறது என்பதை 1990-களின் இறுதியிலிருந்து கேப்ரியல் வுல்ஃப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். சென்னையில் ஒரு பத்து மணி பேட்ச்சில் அதை நேரில் பார்த்தேன். ஸ்குவாட் செய்யும்போது வயதான அம்மா ஒருவர் பாதியிலேயே முன்னால் சாய்ந்து நின்றார். பயிற்றுநருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த அம்மாவைத் தனியே திருத்தாமல், அந்த வரிசை முழுவதற்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "எல்லாரும் நாற்காலியில உட்கார்ற மாதிரி போங்கம்மா. தொட்டதும் தரையைக் காலால தள்ளி எழுந்திருங்க." தொடை, முழங்கால், இடுப்பு என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்றாவது முறையில் அந்த அம்மாவின் முதுகு நேராகிவிட்டது. பிறகு, 'இன்னும் கீழ போகணும்னா நாற்காலியைத் தள்ளிடுங்க' என்றார். சிலர் தள்ளினார்கள். அந்த அம்மா வைத்துக்கொண்டார். யாருக்கு முழங்கால் வலி என்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

கூட்டமாக நிற்க வைத்துச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நாட்டிலேயே மிகப் பழையது. அங்கும் அதன் வழிவந்த கல்லூரிகளிலும் படித்தவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக நம் பள்ளி மைதானங்களில் பி.டி. மாஸ்டர்களாக விசில் ஊதினார்கள். மாஸ் டிரில்லில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றால் ஆயிரம் கைகள் சேர்ந்து எழும். 1966-ல் மஸ்கா மாஸ்டன் உடற்கல்விக் கற்பித்தலை வகைப்படுத்தியபோது, ஆசிரியர் சொல்ல எல்லோரும் ஒன்றாகச் செய்யும் இந்தக் கட்டளை முறையை வரிசையின் ஒரு முனையில் வைத்தார். அடுத்தடுத்த முறைகளில் மாணவரின் முடிவுக்கு மெல்ல இடம் கூடுகிறது. மூன்று உயரத்தில் ஒரே பயிற்சியைக் காட்டி, உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதில் ஒன்று. குழு வகுப்புக்குக் கட்டளை முறை தேவைதான், பாட்டு காத்திருக்காது. ஆனால் அந்த நாற்காலி வரிசையைப் பார்த்த பிறகு, கட்டளைக்குள்ளேயே தேர்வுக்கு இடம் வைக்க முடியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கூட்டமாகச் செய்வதில் ஒரு பலம் இருக்கிறது. 1920-களில் பெர்லின் படகுக் கழகத்தினரை வைத்து ஓட்டோ கோலர் செய்த சோதனையில், கொஞ்சம் வலுவான துணையோடு சேர்ந்து எடை தூக்கியவர்கள் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். இருவருக்கும் வலிமையில் பெரிய இடைவெளி இருந்தபோது அந்த ஊக்கம் குறைந்தது. எனவே புதிதாக வந்தவரை முதல் வரிசைக் கில்லாடியின் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் முன்பு சேர்ந்தவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

ஆட்டம் மட்டும் போதாது

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கத்தைக் கேட்கிறது, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியையும். நடன வகுப்புகள் முதல் பாதியை நிறைவேற்றுகின்றன, இரண்டாவதைத் தொடுவதே இல்லை. நமக்கு அது கூடுதலாகத் தேவை. 2004-ல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதற்கு அந்த ஒரு பக்கமே போதும். வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ரப்பர் பேண்டுக்கும் சிறு டம்பெல்லுக்கும் ஒதுக்கலாம். எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும், ஆகவே தூக்கும்போது மூச்சை விடச் சொல்ல வேண்டும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்ற வாக்குறுதியைத் தரவே கூடாது. உடம்பு கொழுப்பை அப்படி இடம் பார்த்து எடுப்பதில்லை.

முன்னால் நிற்பவரின் உடம்பு

இத்தனையும் எதிர்பார்க்கும் நாம் அவருக்கு என்ன கொடுக்கிறோம்? வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி, ஒரு நாளைக்கு நாலு வகுப்பு எடுத்தால்தான் வண்டி ஓடும் என்ற நிலை. நாலு வகுப்பிலும் முழுதாக ஆடினால் 1985-ன் முன்னெலும்புக் கதைதான். அசைவைக் காட்டிவிட்டு, நடந்து சுற்றிப் பார்த்துச் சொல்லித்தரும் பயிற்றுநரை 'அவர் ஆடவே மாட்டேங்கறார்' என்று குறை சொல்கிறோம். அவர் வேலை செய்வது அந்த நேரத்தில்தான்.

ஏரோபிக்ஸ் பயிற்றுநர்களிடம் குரல் கம்முவதும் குரல்நாணில் முடிச்சு விழுவதும் அதிகம் என்பது 1990-களிலேயே ஆய்வுகளில் பதிவானது. பாட்டுக்கு மேலே கத்துவதுதான் காரணம். ஒலி 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 94-ல் ஒரு மணி நேரம்தான். அந்த ஒலியில் நாலு வகுப்பு எடுப்பவரின் காதுக்கு மாலைக்குள் நாலு நாள் பங்கு போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தியாவில் குழு வகுப்பு எடுக்க உரிமம் எதுவும் கட்டாயமில்லை. உரிமம் வரும்வரை வகுப்பு நடத்தும் ஜிம் முதலாளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் செய்யக்கூடியவை இருக்கின்றன. சேர்க்கும்போது சான்றிதழோடு சி.பி.ஆர். பயிற்சி உண்டா என்றும் கேட்கலாம். காதில் மாட்டும் மைக் ஒன்று வாங்கித் தரலாம், ஸ்பீக்கரைக் குறைக்கலாம், மின்விசிறியைக் கூட்டலாம். ஏழு கேள்விகளைக் கேட்கவும், புதியவரின் முழங்காலைப் பற்றி விசாரிக்கவும் வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் ஆகும். இன்று பல இடங்களில் அந்தப் பத்து நிமிடம் கணக்கில் வருவதில்லை. அதற்கும் சேர்த்துச் சம்பளம் கொடுக்கலாம்.